வசந்தி அக்காவுக்கு ஒரு சில்வர் கார்டு

டிக்கெட் போடுகிற கடையில் ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும், விமானத்தில் ஆசைப்பட்டு ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது தெரிந்துவிடும். மீதிப் பேர் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், தம்பிக்கு கவுன்சிலிங், கோர்ட்டில் வாய்தா என்று வேறு வழியில்லாமல் ஏறுகிறவர்கள். போர்ட் பிளேரிலிருந்து மெயின்லேண்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒன்று கப்பல், இல்லாவிட்டால் விமானம். கப்பல் மூன்று நாலு நாள் போட்டு ஆட்டும். விமானம் ரெண்டு மணி நேரத்தில் பர்ஸைக் காலி செய்துவிடும்.

நான் ப்ளஸ் ஒன்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாய் என்று கேட்கிறவர்களுக்கு: பிடிக்கவில்லை, விட்டேன். போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் மட்டன் கடைக்கும் வெல்டிங் பட்டறைக்கும் நடுவில் இருக்கிற தாஸ் பாபுவின் டிக்கெட் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தாஸ் பாபு பெங்காலி. அவர் என்னை இந்தியில் திட்டுவார், நான் தமிழில் முணுமுணுப்பேன், வியாபாரம் நடக்கும். பாயிண்ட், மைல், சில்வர், கோல்டு என்று விமானக் கம்பெனிக்காரன் காட்டுவதையெல்லாம் நம்பிச் சேர்த்துவைத்து, ஒருநாள் வாயைப் பிளந்து நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான். கம்பெனிப் பெயரைச் சொன்னால் வம்பு. கடையில் நாங்கள் வால் நிறத்தைப் பார்த்துப் பச்சை, சாம்பல் என்றுதான் சொல்வோம்.

துணைக்குப் போகிறவர்

வசந்தி அக்காவுக்கு விமானம் ஏறுவதுதான் வேலை. ஏர் ஹோஸ்டஸ் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர், கணுக்கால் எப்போதும் வீங்கியிருக்கும். இங்கே கொஞ்சம் பெரிய வியாதி என்றால் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். பெங்காலிக்காரருக்கும், ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ராஞ்சிக்காரருக்கும் சென்னையில் ஆட்டோக்காரரிடம் பேசக்கூட வாய் வராது. அதனால் தமிழ், இந்தி, பெங்காலி மூன்றும் தெரிந்த வசந்தி அக்காவைச் சம்பளம் பேசித் துணைக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். டாக்டர் சொன்னதை வீட்டுக்காரர்களுக்கு இந்தியில் சொல்வதும், வீட்டுக்காரர்கள் அழுவது எதற்கென்று டாக்டருக்குத் தமிழில் சொல்வதும் அக்காதான். அவருடைய அம்மா அப்பா சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து, இங்கிருந்து கப்பலில் போகிற வேறொரு தீவிலிருக்கிற ஹட் பேக்கு வந்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அந்தத் தோட்டம் நின்றுபோனபின் அக்கா இங்கே வந்து பத்துபஸ்தியில் வாடகைக்கு இருக்கிறார்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் இன்னும் நாலு நாள் தங்கச் சொன்னால் திரும்புகிற தேதியை மாற்ற வேண்டும், அதற்கு விமானக் கம்பெனி தனியாகக் காசு பிடுங்கும். நோயாளியின் டிக்கெட்டுக்கு வீட்டுக்காரர்கள் கட்டுவார்கள். அக்கா டிக்கெட்டை மாற்றுகிற காசை அக்காவே கட்டிக்கொள்ள வேண்டும். யார் போட்ட சட்டம் என்று கேட்டேன். எப்பவும் அப்படித்தான் என்றார். தேதி ரெண்டு மூன்று தடவை தள்ளிப்போனால் அக்கா சம்பளம் அப்படியே கம்பெனிக்குப் போய்விடும். இப்படியே போனால் இந்த வருஷத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹட் பேக்கே போய்விடுவேன் என்றார். அங்கே என்ன வேலை இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார்.

சில்வர் மெம்பராக இருந்தால் தேதி மாற்றக் காசு கிடையாதே, உங்களிடம் எந்தக் கம்பெனி நம்பர் இருக்கிறது என்று கேட்டேன். நம்பரா என்றார். மாதத்தில் ரெண்டு மூன்று தடவை பறக்கிற மனுஷி எந்தக் கம்பெனியிலும் மெம்பரே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவுக்கு என்னைவிட அதிகமாக.

"ஏன் பாப்பா, இத்தனை வருஷமா ஏறி எறங்குறேனே, ஒருத்தனாவது வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?"

காபி குடிக்கப் போனவர்

எங்கள் வாடிக்கையாளர்களில் இந்த மெம்பர் விவகாரம் தெரிந்த ஒரே ஆள் ரோடு காண்ட்ராக்டர் சுகுமாரன் சார். மலையாளி. சாம்பல் கம்பெனியில் கோல்டு. இதற்கு முந்தைய டிசம்பரில் ஒருநாள் வந்து, மத்தியான விமானத்தில் சென்னைக்கு ஒரு டிக்கெட், மறுநாள் காலை முதல் விமானத்தில் திரும்ப ஒரு டிக்கெட் என்றார். யாருக்கு உடம்பு சரியில்லை சார் என்று கேட்டேன். யாருக்கும் இல்லையாம். கல்யாணமா? இல்லையாம். வருஷம் முடிவதற்குள் இன்னும் கொஞ்சம் செலவழித்தால்தான் கோல்டு நிற்குமாம், அதற்காகப் போய்விட்டு வருகிறாராம்.

அன்றைக்குக் கடை பெஞ்சில், விமானத்தில் சீட் கிடைக்காமல் ரெண்டு குடும்பம் உட்கார்ந்திருந்தது. நான் அதைச் சொன்னேன். தாஸ் பாபு என் காலை மிதித்தார். டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டு, இவர் நிஜமாகவே போவாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போனார். திரும்பி வந்ததும், சென்னையில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"ஏர்போர்ட்டை விட்டு வெளியவே வரலை மோளே. ஒரு காபி குடிச்சேன், கசேரயில சாஞ்சு உறங்கினேன், வந்துட்டேன்."

சுடுதண்ணி

அக்காவுக்காக ரெண்டு கம்பெனி விதிகளையும் உட்கார்ந்து படித்தேன். இவ்வளவு பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் அங்கேயே இருந்திருப்பேன். சாம்பல்காரன் நீ எவ்வளவு செலவழித்தாய் என்று மட்டும்தான் பார்ப்பான். மலிவு டிக்கெட்டில் மாசம் முழுக்கப் பறந்தாலும் அவனுக்கு நீ யாரோ. பச்சைக்காரன் எத்தனை தடவை ஏறினாய் என்று பார்ப்பான். வருஷம் முடிந்ததும் ரெண்டு பேருமே எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்பார்கள். அக்காவைப் போல இன்றைக்கு இதில், நாளைக்கு அதில் என்று எது மலிவோ அதில் ஏறினால் ஒன்றிலும் தேறாது. ஆகவே ஒரே கம்பெனி, அது பச்சை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

அக்கா யோசித்தார். எனக்குப் பொறுமை கிடையாது, அது அவருக்கும் தெரியும், ஆனாலும் யோசித்தார். சாம்பலில் வேலை பார்க்கிற பெண்கள் நல்ல மாதிரியாம். நோயாளி மாத்திரை போடச் சுடுதண்ணி கேட்டால் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து தருவார்களாம். பச்சையில் மணியடித்தால் ரொம்ப நேரம் கழித்துத்தான் வருவார்களாம். ஒரு மனுஷி தன் பிழைப்பையே சுடுதண்ணியை வைத்து முடிவு செய்வதா? தேதி மாற்றுகிற காசைப் பற்றி மறுபடி ஒருதரம் எடுத்துச் சொன்னேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, நீ சொல்றே, பச்சை போடு. ஆனா சுடுதண்ணி குடுக்கலேன்னா உனக்குத்தான் போன் வரும்."

உள்ளதைச் சொன்னேன்

அன்றைக்கே அக்காவுக்குப் பச்சையில் மெம்பர் நம்பர் வாங்கிவிட்டேன். ஆனால் அக்கா டிக்கெட்டை அக்கா வாங்குவதில்லை, நோயாளி வீட்டுக்காரர்கள்தான் வாங்குகிறார்கள். அவர்கள் மலிவாக எது கிடைக்கிறதோ அதைப் போடச் சொல்வார்கள். அவர்களைப் பச்சைக்கு எப்படித் திருப்புவது? தாஸ் பாபு ஒரு யோசனை சொன்னார்: சாம்பலில் சீட் இல்லை என்று சொல்லிவிடு. பொய் சொல்லி விற்க எனக்கு வராது. அதனால் ஹார்டுவேர் கடை மொண்டல் பாபு வீட்டில் டிக்கெட்டுக்கு வந்தபோது உள்ளதை உள்ளபடி சொன்னேன். மொண்டல் பாபுவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறார்கள், நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். மொண்டல் ஆன்டிதான் பேரம் பேசுவார், மீன்காரியே பயப்படுகிற பேரம். சாம்பல் கொஞ்சம் மலிவு ஆன்டி, ஆனால் பச்சை வாங்கினால் வசந்தி அக்காவுக்குக் கார்டு கிடைக்கும் என்றேன். இந்தியில்தான் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை.

தாஸ் பாபு தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆன்டி என்னையே பார்த்தார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். வசந்தி தீதிதான் என் புருஷனை அந்த ஆஸ்பத்திரியில் காப்பாற்றிக் கொண்டுவந்தது, பச்சையே போடு என்றார். பேரம் இல்லை. ஆன்டி போன பிறகு தாஸ் பாபு என்னிடம் வந்தார்.

"ஏ லட்கி, பொய் சொல்லி வித்த காலத்துல எனக்கு இவ்வளவு சீக்கிரம் வியாபாரம் முடிஞ்சதே இல்லை."

ஏறினார், இறங்கவில்லை

மழைக்காலம் ஆரம்பித்தது. ராஞ்சிக்காரப் பெரியவர் ஒருவருக்கு இடுப்பு ஆபரேஷன் முடிந்து, அக்கா அவரைச் சென்னையிலிருந்து பச்சையில் கூட்டிக்கொண்டு வந்தார். விமானம் தரைக்குப் பக்கத்தில் இறங்கி, காற்று தள்ளியதில் மறுபடி மேலே ஏறி, ரெண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சென்னைக்கே திரும்பிப் போய்விட்டது. எங்கள் ஊருக்கு இது புதுசில்லை. மறுநாள் கொண்டுவந்து இறக்கினார்கள்.

அக்கா கணக்கைத் திறந்து பார்த்தேன். முதல் நாள் பறந்தது கணக்கில் ஏறவே இல்லை. கம்பெனிக்கு போன் போட்டேன். புறப்பட்ட ஊரிலேயே இறங்கினால் அது பயணம் ஆகாதாம். அப்படியானால் அவர்கள் இத்தனை நேரம் வானத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். சிஸ்டத்தில் அதற்குப் பதில் இல்லையாம். எனக்கு வந்த கோபத்தில் மவுஸை உடைத்திருப்பேன். அக்கா கடைக்கு வந்தபோது அவருக்கு இதில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. பத்துபஸ்தியில் அவர் வீடு ஏர்போர்ட் பக்கத்திலேயே இருக்கிறது, அவர் கவலை அதைப் பற்றி.

"கீழ எறங்குனப்ப என் வீடு நல்லா தெரிஞ்சுச்சு பாப்பா. போகும்போது கொடியில போட்ட சேலை, பாவம், அப்படியே நனைஞ்சுகிட்டு கெடக்கு."

மொய்

கொஞ்ச நாள் கழித்து மறுபடி அக்கா கணக்கைத் திறந்தேன். அக்கா ஹட் பேக்கு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்த வாரத்தில், அக்கா நம்பரில் யாரோ கொல்கத்தாவுக்குப் பறந்திருந்தார்கள். யாரோ டெல்லிக்குப் பறந்திருந்தார்கள். ஒரே காலையில் ஒரு கும்பலே சென்னைக்குப் பறந்திருந்தது. அதே நேரத்தில் இன்னொருவர் சென்னையிலிருந்து எதிரே வந்துகொண்டிருந்தார். அத்தனையும் வசந்தி அக்கா.

விசாரித்தால், மொண்டல் ஆன்டி அக்கா டிக்கெட்டில் இருந்த நம்பரைப் பார்த்து வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். வசந்தி தீதிக்கு எல்லாரும் உதவ வேண்டும், பச்சையில் டிக்கெட் போடும்போது மெம்பர் நம்பர் கேட்கிற இடத்தில் இந்த நம்பரைப் போடுங்கள் என்று. ஜங்லிகாட் முழுக்க அது சுற்றியிருக்கிறது. அக்கா துணைக்குப் போன வீடுகள் போட்டிருக்கின்றன, துணையே தேவைப்படாத வீடுகளும் போட்டிருக்கின்றன. சென்னைக்குப் போன கும்பல் எங்கள் பக்கத்து வெல்டிங் பட்டறைக் குடும்பம், மதுரையில் ஒரு கல்யாணத்துக்குப் போனது.

நான் பட்டறைக்குள் போய்ச் சத்தம் போட்டேன். நம்பர் ஒரு ஆளுக்குத்தான், ரேஷன் கார்டு மாதிரி குடும்பத்துக்கெல்லாம் கிடையாது, கம்பெனிக்காரன் பார்த்தால் அக்காவைத் திருடி என்பான் என்றேன். பட்டறைக்காரர் மனைவி சரோஜா அத்தை தட்டில் சோறு போட்டுக்கொண்டே பதில் சொன்னார்.

"கல்யாண வீட்டுல மொய் வைக்கிறோம்ல, அது மாதிரிதான்டி. அவளுக்கு நாங்க செய்றதுக்கு உனக்கு ஏன் எரியுது?"

யார் இவர்கள்

நான் பயந்தபடியே ஆனது. பல பேர் பெயரில் ஒரே நம்பர் பயன்பட்டிருக்கிறது, கணக்கை முடக்கியிருக்கிறோம் என்று கம்பெனியிலிருந்து மெயில். அக்கா கடை பெஞ்சில் உட்கார்ந்து, இனி ஹட் பேதான் என்று சொன்னார். அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கம்பெனிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு பெண் இந்தியில் பேசினாள். நான் ஒவ்வொரு பெயராக வாசிக்கிறேன், இவர் யார், உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

அக்கா எல்லாரையும் தெரியும் என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தவில்லை. இவருக்குப் பித்தப்பையில் கல் என்று சொல்லி, கல் எவ்வளவு பெரிசு என்று போனைப் பார்த்துக் கையால் காட்டினார். இவர் மகளுக்குத் தைராய்டு, ஊசி என்றால் ஓடும். இவருக்கு வால்வு, ஆபரேஷனுக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. இவர் மட்டன் கடைக்காரர், வியாதி ஒன்றும் இல்லை, ஆனால் உப்பைக் குறைக்க வேண்டும். இவர்கள் யாரும் என்னிடம் கேட்டுச் செய்யவில்லை, எனக்கு நல்லது என்று நினைத்துச் செய்துவிட்டார்கள், அவர்கள் பறந்ததெல்லாம் எனக்கு வேண்டாம், நான் பறந்ததை மட்டும் கொடுங்கள் என்றார். லைன் கட்டாகிவிட்டது என்று நான் போனை எடுக்கப் போனேன். அப்போது அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மேடம், அந்த வால்வு மாத்தினவர் இப்ப நல்லா இருக்காரா?"

முதல் ஆள்

கணக்கைத் திறந்துவிட்டார்கள். மற்றவர்கள் பறந்ததையெல்லாம் கழித்துவிட்டு அக்கா பறந்ததை மட்டும் வைத்தார்கள், அது நியாயம்தான். ஊர் முழுக்க நான் நடந்தே போய், இனி யாரும் அந்த நம்பரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். சில பேர் கோபித்துக்கொண்டார்கள். வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது அக்காவுக்கு சில்வர் வந்தது, அடுத்த வருஷம் முழுக்கச் செல்லும்.

கார்டு எங்கே என்று அக்கா கேட்டார். கார்டு கிடையாது, போனில் ஒரு படம்தான் வரும் என்றேன். இத்தனை பாடுபட்டதற்கு ஒரு படமா என்று தாஸ் பாபுவே அதிர்ந்துபோய், அதைப் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் செய்து கொடுத்தார். அக்கா அதை எடுத்துக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போனார். சில்வர் மெம்பர்கள் எல்லாருக்கும் முன்னால் ஏறலாம். அக்காவும் பெருமையாக அட்டையை நீட்டியிருக்கிறார். பக்கத்தில் வீல் சேரில் நோயாளி. வீல் சேரும் கூட வருகிறவரும் எந்தக் கம்பெனியிலும் முதலில்தான் ஏறுவார்கள், இத்தனை வருஷமாக அக்கா அப்படித்தான் ஏறிக்கொண்டிருக்கிறார். கேட்டில் நின்ற பையன் அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறான்.

"தீதி, நீங்க எப்பவும் முதல் ஆளாத்தான ஏறுறீங்க, இன்னைக்கு எதுக்குப் புதுசா அட்டை காட்டுறீங்க?"

திரும்பி வந்த நோயாளி

எப்படியோ, தேதி மாற்றக் காசு கிடையாது. அதற்காகத்தானே எல்லாம். புது வருஷம் பிறந்ததும் மொண்டல் பாபுவின் செக்கப் வந்தது. பாபு, ஆன்டி, அக்கா மூன்று பேருக்கும் போகவர டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். திரும்புகிற தேதியன்று காலையில் மொண்டல் பாபு கடை வாசலில் வந்து நின்றார். தனியாக. கையில் ஒரு பெட்டி. நோயாளி திரும்பி வந்திருக்கிறார், துணைக்குப் போனவரைக் காணவில்லை.

விஷயம் இதுதான். மொண்டல் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆன்டிக்குக் காஞ்சிபுரம் பட்டு வாங்க வேண்டும், கடையில் தமிழில் பேரம் பேச ஆள் வேண்டும். முன்பெல்லாம் யாராவது இப்படி இழுத்தால், என் டிக்கெட்டை மாற்ற ஏலாது, காசு போகும், நான் கிளம்புகிறேன் என்று அக்கா சொல்லிவிடுவார். சென்னையில் வாயில்லாமல் மாட்டிக்கொள்ளப் பயந்து அவர்களும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். இப்போது அக்கா சொல்ல என்ன இருக்கிறது? உங்களுக்குத்தான் இலவசமாயிற்றே தீதி, இன்னும் ஒரு வாரம் இருங்கள் என்று அங்கிருந்தே கம்பெனிக்கு போன் போட்டுத் தேதியைத் தள்ளவைத்திருக்கிறார் ஆன்டி. இந்த மாதத்தில் இப்படிப் பிடித்துவைத்த வீடு இது ரெண்டாவதாம், முந்தின வீட்டுக்காரர்கள் திருப்பதிக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். தங்குகிற நாளுக்குச் சம்பளம் கிடையாது, ஏனென்றால் அது ஆஸ்பத்திரி வேலை இல்லை. தேதி மாற்றக் கட்டிய அந்தக் காசுதான் இத்தனை நாள் அக்காவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்தான் விழுந்து விழுந்து விதிகளைப் படித்தவள். எனக்கே அது தோன்றவில்லை.

மொண்டல் பாபு பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"என் நெஞ்சு நல்லா இருக்குன்னு டாக்டர் அனுப்பிட்டார்மா. என் வீட்டுக்காரி நெஞ்சுக்குத்தான் இன்னும் மூணு பட்டுச் சேலை பாக்கியாம்."

பெஞ்சில் ஒரு குழந்தை

அன்றைக்கே ஹட் பே கப்பலில் சுனிதா என்கிற பெண் வந்து இறங்கினாள். ராஞ்சிக்காரக் குடும்பம். மடியில் ஒரு வயதுக் குழந்தை. இதயத்தில் ஓட்டை, உதடு நீலமாக இருந்தது. சென்னையில் டாக்டர் பார்க்க நாள் குறித்திருந்தார்கள். நாளை மறுநாள் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். அவள் புருஷன் கப்பலில் வேலை, கடலில் இருக்கிறான். வசந்தி தீதி கூட வருவார் என்று நம்பித்தான் தனியாகப் புறப்பட்டு வந்திருக்கிறாள். தீதி எப்போது வருவார் என்று என்னைக் கேட்டாள். பட்டுக்கடையில் இருக்கிறார் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் சொன்னேன். அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள்.

அக்காவுக்கு போன் போட்டுக் கத்தினேன். கத்தியது பட்டுக்கடையில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். குழந்தையின் உதடு எப்படி இருக்கிறது, பால் குடிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். நான் எழுந்துபோய்ப் பார்த்துச் சொன்னேன். பின்னால் மொண்டல் ஆன்டி, ரெண்டே நாள், ரெண்டே நாள் என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. அப்புறம் அக்கா சொன்னார்.

"பாப்பா, தேதியைப் பின்னாடி தள்ளத்தான் இலவசமா, முன்னாடி இழுக்கவும் இலவசமா?"

யாருடைய கார்டு

இலவசம்தான். மாற்றிய டிக்கெட்டுக்குக் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை என்று திரையில் வந்ததை நான் இந்தக் கடையில் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் காலை அக்கா வந்து இறங்கினார். சென்னையில் தனியாக நிற்கப் பயந்து மொண்டல் ஆன்டியும் காசு கட்டித் தேதியை மாற்றி அதே விமானத்தில் வந்துவிட்டார். ரெண்டு பேரும் ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கடைக்குத்தான் வந்தார்கள், ஆன்டி கையில் பட்டுப் பைகள், முகத்தில் இடி. பெஞ்சில் சுனிதா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். தாஸ் பாபு திடீரென்று பிரிண்டரைப் பழுது பார்க்க ஆரம்பித்தார்.

ஆன்டி என்னிடம்தான் ஆரம்பித்தார். தீதிக்காக விலை அதிகமாகப் பச்சை வாங்கியது யார்? ஊரெல்லாம் வாங்கவைத்தது யார்? எங்கள் டிக்கெட்டில் ஏறி ஏறித்தானே அந்தக் கார்டு வந்தது, அப்படியானால் அது எங்களுக்கும் சொந்தம்தானே, எங்கள் காரியத்துக்கு நடுவில் அதை வைத்தே எங்களை எப்படி விட்டுவிட்டு வரலாம் என்று கேட்டார். கார்டு அக்கா பெயரில் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அக்காவுக்காகப் பச்சை வாங்குங்கள் என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவள் நான்.

அக்கா போய்ச் சுனிதா பக்கத்தில் உட்கார்ந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் விரல் நகங்களைப் பார்த்தார். ஆன்டியும் பார்த்தார், சத்தம் கொஞ்சம் குறைந்தது. நாளைக் காலைப் பச்சையில் ரெண்டு சீட்டும் மடிக்குழந்தைக்கு ஒரு டிக்கெட்டும் போடச் சொன்னார் அக்கா, திரும்புகிற தேதியை டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு ஆன்டியைப் பார்த்துப் பெங்காலியில் நிதானமாகச் சொன்னார். தாஸ் பாபு பிரிண்டரை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எனக்கு விளங்காது என்று அக்காவே அதைத் திரும்பத் தமிழில் சொன்னார்.

"கார்டு உங்க எல்லாரு புண்ணியத்துலயும் வந்ததுதான், இல்லேங்கலை. டாக்டர் இருன்னு சொன்னா எத்தனை நாளும் இருப்பேன், சேலைக்கடைக்காரன் இருன்னு சொன்னா என்னால ஏலாது."

ஆகவே என்னைப் போல் வாயைப் பிளந்து நிற்கிறவர்களே, எந்தக் கம்பெனியில் சேர்ந்தால் சில்வர் கிடைக்கும் என்று கேட்டு வாருங்கள், நான் சொல்கிறேன், ஆனால் கிடைத்த பிறகு அதை எங்களுக்கும் சொந்தம் என்று வருகிறவர்களிடமிருந்து எப்படிக் காப்பாற்றுவது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.